ஒட்டகத்தின் வாய்க்கூடு

இந்தத் தேநீரில் சர்க்கரை போதாது, நீதிபதி அம்மா. பரவாயில்லை, துனிஸ் நகரத்தில் வளர்ந்த நீங்கள் இப்படித்தான் குடிக்கிறீர்கள். தெற்கே எங்கள் பாலைவனச் சோலையில் இதை நோயாளிக்குக்கூடக் கொடுக்க மாட்டோம்.

சொல்கிறேன். என் பெயர் தாவ். எழுதுகிறவரை மெதுவாக எழுதச் சொல்லுங்கள். சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆண் ஒட்டகத்துக்குக் குளிர்காலத்தில் மதம் பிடிக்கும். பல்லை நறநறவென்று கடிக்கும், நுரை தள்ளும். அப்போது யாரையும் கடிக்காமலிருக்க வாய்க்கூடு போட்டுவிடுவோம். கூடு இருக்கும்வரை பயமில்லை.

என் தம்பி மப்ரூக் பேரீச்சை மரத்திலிருந்து விழுந்து நெற்றியைக் கல்லில் மோதிக்கொண்டான். பிழைத்தான், ஆனால் வேறு ஆளாக எழுந்தான். ரொட்டி ஆறிவிட்டதென்று கதவை உடைத்தான். நகரத்து டாக்டர் அவன் மூளையைப் படம் எடுத்து, நெற்றிக்குப் பின்னால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். "கோபத்தைப் பிடிச்சு நிறுத்துற இடம் இது, பெரியவரே. நசுங்கிப்போச்சு. இனிமே மாத்திரைதான் பிடிச்சு நிறுத்தணும். ஒரு நாளும் விட்டுடாதீங்க."

படித்தவர்கள் படத்தைக் காட்டி எதையும் சொல்வார்கள். நான் நம்பவில்லை. ஆனால் மாத்திரை உள்ளே போனதும் தம்பி கோழிகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டு சாதுவாக இருந்தான். இதுவும் ஒரு வாய்க்கூடு என்று புரிந்துகொண்டேன்.

பக்கத்துத் தோப்பு லஸ்ஹர் ஆழ்துளைக் கிணறு போட்டான். என் கிணறு வற்றியது. மரங்கள் காயத் தொடங்கின. தேநீர்க் கடையில் அவனைப் பார்த்து நியாயம் கேட்டேன்.

"தாவ் அண்ணே, தண்ணி உங்க மூஞ்சியைப் பாத்து பயந்து என் பக்கம் ஓடி வந்துடுச்சு. நான் என்ன பண்ண? உங்க கிறுக்குத் தம்பியை அனுப்புங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்றிலிருந்து தம்பியின் மாத்திரையை ஒட்டகத்துக்கு ஊறவைத்த பேரீச்சங்கொட்டையில் கலந்தேன். நல்ல மருந்தை வீசி எறிய மனம் வரவில்லை. இந்தக் குளிர்காலத்தில் அது வாய்க்கூடு இல்லாமல் நின்றதை ஊரார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான்.

"அண்ணே, மாத்திரை எங்கே?" என்று தம்பி கேட்டான்.

"டாக்டரு நிறுத்தச் சொல்லிட்டாருடா."

"அப்போ எனக்குச் சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு."

என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான். பாவம், குழந்தை மனசு.

பிறகு தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தான். கண் மாறியது. அந்தக் கண் எனக்குத் தெரியும். ஆயுள் முழுக்க ஒட்டகத்தோடு இருந்தவன் நான். லஸ்ஹரிடம் போய் மண்வெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். மறுநாள் காலை அதைத் தம்பியின் கையில் கொடுத்தேன்.

"லஸ்ஹரோடது. குடுத்துட்டு வந்துடு. உன்னைக் கட்டிப் போட்டுக் கஞ்சி ஊத்தணும்னு கடையில சொல்லிச் சிரிச்சானாம். அதையெல்லாம் மனசுல வச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன், அம்மா. அதை எழுதச் சொல்லுங்கள். கட்டிப் போடுகிற பேச்சை லஸ்ஹர் பேசவில்லை, அது நான் சேர்த்தது. ஆனால் தம்பியை அனுப்பச் சொன்னவன் அவன்தான். கேட்டான், அனுப்பினேன். நான் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது லஸ்ஹரின் தோப்பிலிருந்து அலறல் கேட்டது. தொட்டி நிறையட்டும் என்று நின்றேன்.

ஆஸ்பத்திரிக் காவலில் இப்போது தம்பிக்கு மறுபடி மாத்திரை கொடுக்கிறார்கள். சாதுவாகிவிட்டான். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சரியாயிடுச்சுன்னு சொன்னியேண்ணே" என்றான். அதற்கு நானா பொறுப்பு? நசுங்கியது அவன் தலை.

உங்கள் டாக்டர் என் தலையையும் அந்த இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், எங்கேயும் ஒரு குறையும் இல்லையாம். இந்த ஒரு படத்தை மட்டும் நான் நம்புகிறேன். அதை வழக்கில் சேர்த்துவிடுங்கள், அம்மா. ஓர் ஆளைக் கொல்லுகிற தலை இல்லை இது.