சூடான தரையில் யாருக்கு எந்த இடம்

கொரியாச் சண்டை முடிந்த மறு வருஷம், தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் பெயர் கொடுக்கும் வரிசை. டாக்டர் சீட்டு வாங்கிய பிறகே அங்கே நிற்க வேண்டும். வழக்கம்போல் யாரும் வாங்கியிருக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு மாலுமியும் அவன் மனைவியும் நின்றார்கள்.

“கொரியாவில நான் இருந்த வீட்டுல தரைக்கு அடியில நெருப்பு ஓடும், தெரியுமாளா?” என்றான் அவன்.

“வீடு தீப்பிடிச்சிட்டா?”

“இல்லளா. அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில விட்டுருவாவ. பனி கொட்டுற ஊரு. தரை இதமாச் சுடும். ஊருக்குக் கப்பல் கிடைக்கிற வரைக்கும் அங்கனதான் கெடந்தேன்.”

“நம்ம ஊருத் தரை தானாவே சுடுதே, போதாதா?”

அவன் சிரித்தான். “அடுப்போரந்தான் நல்ல சூடு. விருந்தாளிக்கு உள்ள இடம். மொதல்ல எனக்கும் அங்கதான். பொறவு வீட்டுக்காரரு என் படுக்கையைச் சுருட்டி, குளிருற வாசப்பக்கம் அவரு மக்கமாருக்கு நடுவுல போட்டுட்டாரு.”

“ஏன், கோவமா?”

“வீட்டு ஆளாயிட்டேன்னு அர்த்தம்ளா.”

“நீங்க வந்ததுலேருந்து காத்து வாற சன்னலோரமாப் பாத்துல்லா பாய் போடுதேன்.”

“ஆமா. நீயும் பிள்ளைவளும் அடுப்படியில புழுங்கிக் கெடக்கீய. நான் அங்கன வந்தா, பிள்ளைவ மரியாதையா எந்திச்சு நிக்கி. அதான் திரும்பக் கப்பலுக்கே போறேன்.”

“அடுத்த ஆள்!” என்றார் குமாஸ்தா.

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னைக்கு எங்ககூட வந்து புழுங்குங்க. முடியலேன்னா நாளைக்குப் பேரு குடுங்க.”