விரலை எடுத்த பிறகும்

மாமா,

உங்கள் மகளிடம் நான் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. பேரன் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை நீங்கள் திட்டித் தீர்த்தபோதும் நான் குறுக்கே பேசவில்லை. பெரியவர்கள் பேச்சில் தலையிட்டு எனக்குப் பழக்கமில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணை இப்படி அஜாக்கிரதையா வளர்த்துட்டேன், மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை" என்றீர்கள். அதுதான் சங்கடமாகிவிட்டது. அதனால் இந்தக் கடிதம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. போனில் படங்களை விரலால் மேலே தள்ளுகிறோம் இல்லையா, விரலை எடுத்த பிறகும் அவை கொஞ்ச தூரம் ஓடும். எவ்வளவு ஓட வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது நான். முன்பெல்லாம் பிரேக் போட்ட பஸ் மாதிரி நிற்கும். நின்றால் ஜனங்கள் தலை நிமிர்ந்துவிடுகிறார்கள். அடுப்பு, பிள்ளை, புருஷன் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. எங்கள் மேலாளருக்கு அதில் தீராத மனக்குறை. ஓட்டம் அடங்கும் இடத்தில் அடுத்த படத்தின் நெற்றி மட்டும் எட்டிப் பார்க்கும்படி செய்தேன். மிச்ச முகத்தைப் பார்க்கக் கட்டைவிரல் தானாகப் போகும்.

ஆபீசில் இதைச் சோதிக்க முடியாது. அங்கே சம்பளத்துக்காகப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் மகள் போனில் போட்டேன். சொல்லவில்லை, சொன்னால் உஷாராகிவிடுவாள். ஒரு குரலுக்கே "என்னங்க" என்பவள், முதல் வாரம் மூன்றாவது குரலுக்குத் திரும்பினாள். அடுத்த வாரம் ஏழாவது குரலுக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று கட்டிலில் பையன் பக்கத்தில் படுத்திருந்தாள். ஒரு கை அவன் முதுகில், இன்னொரு கையில் போன். முதுகில் இருந்த கை நழுவியது. அவன் விளிம்பை நோக்கித் தவழ்ந்தான். நான் அறை வாசலில் கடிகாரத்தோடு நின்றிருந்தேன். மூன்று எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் இரண்டு வார வேலை வீண். நீங்களும் உழைத்து முன்னுக்கு வந்தவர், உங்களுக்குப் புரியும்.

"பக்கத்துலதான் இருந்தேன், எப்படி விழுந்தான்னே தெரியல" என்று உங்கள் வீட்டிலும் சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். திட்டாதீர்கள், அவள் மேல் தப்பில்லை. பிள்ளை விழுந்து வீறிட்ட பிறகு அவள் நிமிர நாற்பது விநாடி ஆனது. ஆபீசுக்குக் கொடுத்த அறிக்கையில் இருபது என்றுதான் எழுதினேன். கட்டினவளை வெளியாட்கள் முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.