அம்மை இறங்கிய வீட்டுக் கூழ்

ஜீப் இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவு. இன்னொன்று. மடியில் என் மகள் மித்ரா. எட்டு மாதம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகிறது. கர் கர் என்று சத்தம். எதிரே லாரி.

"ஒதுங்குங்க! புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

என் கணவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துகிறார். லாரி ஒதுங்கியது. சேலம் இன்னும் கீழே.

காதோரம் தொடங்கிய சிவப்பு கால்வரை இறங்கிவிட்டது. கண்கள் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. எங்கள் ஊர் செம்மநத்தத்தில் இதை மணல்வாரி என்போம். ஆஸ்பத்திரியில் தட்டம்மை.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீடு. சரசா தன் மகன் தினேஷுக்கு ஊசி போடவில்லை. நர்ஸம்மா எத்தனையோ முறை மலையேறி வந்தார். சரசா கதவைச் சாத்திக்கொண்டாள். ஊசி போட்டால் பின்னாளில் பிள்ளை பிறக்காதாம். போனில் எவனோ உளறியதைத் தெருவுக்கே போட்டுக் காட்டினாள்.

மூன்று வாரத்துக்கு முன் பையனுக்கு அம்மை போட்டது. மூன்றாம் நாளே தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அம்மை இறங்கிய பிள்ளை தன் கையாலேயே வீடு வீடாகக் கூழ் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். தினேஷ் இருமிக்கொண்டே சொம்போடு வருகிறான். பின்னாலேயே சரசா. வேண்டாம் என்றேன். சரசாவின் முகம் கோணியது.

"அம்மா வந்த ஊட்டுக் கூழுங்கக்கா. தட்டுனா சாமி குத்தமாயிரும். போ சாமி, பாப்பாவப் பாத்துட்டு வா."

நான் தடுப்பதற்குள் பையன் உள்ளே ஓடிவிட்டான். தொட்டிலுக்குள் குனிந்து முத்தம் கொடுத்தான். இருமினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஐந்து வயது.

மித்ராவுக்கு ஒன்பது மாதம் முடிந்துதான் ஊசி. அதுவரை சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அவளுக்கும் காவல். அதில் ஓட்டை போட்டது சரசா.

ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன் பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிறது. பளக். பளக். மத்தியானம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. மித்ராவிடம் சத்தமில்லை.

துக்கம் விசாரிக்க சரசா வந்தாள். "அம்மா கூப்பிட்டுக்கிட்டாளுங்க" என்றாள். தான் செய்ததை அம்மன் தலையில் கட்டினாள். நான் எழுந்து உள்ளே போனேன். இன்றும் அவள் குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

தெருவில் அம்மை கண்ட பிள்ளைகள் நான்கு. ஒருவனுக்குக் காது கேட்பதில்லை. இன்னொருத்தி மெலிந்து தேறினாள். தினேஷ் நன்றாக இருக்கிறான். என் வீட்டில் போனது ஒன்று. எங்களுக்கு இருந்ததும் ஒன்றுதான்.