ஆறாம் லயத்துச் சங்கு

பிளேன்டீ ஆறிப்போச்சேன்னு பார்க்காதீங்க ஐயா. நான் ஆறினதுதான் குடிப்பேன்.

நோர்வூட் பக்கம் நம்ம தேயிலைத் தோட்டம். மேட்டுல மண்ணு நகருதான்னு பார்த்து, நகர்ந்தா சங்கு ஊதுற பொட்டி ஒண்ணு வச்சிருக்காங்க. அதுக்குள்ள ஓடுற சின்னக் கம்ப்யூட்டரப் பார்த்துக்கிறது என் வேலை. தொழிலாளிங்க வரிசை வீடு, லயத்துல பொறந்து கம்ப்யூட்டர் படிச்சவன்னு எனக்கே குடுத்தாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு.

அதுல ஒரு கோளாறு. மழை வலுத்தா அளவுகள் சடசடன்னு வந்து குவியும், மெமரி தீந்துரும். மெமரி கேட்டுக் கிடைக்கலன்னா உடனே சங்க ஊதுன்னு முன்னாடி எழுதினவன் வச்சிருந்தான். மண்ணு அசையவே அசையாது. சனமெல்லாம் கொழுந்துக் கூடையப் போட்டுட்டு உசுருக்குப் பயந்து ஸ்கூலுக்கு ஓடும். அன்னைக்கு அரைப்பேருதான் விழும், பாதிச் சம்பளம். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல நின்னுக்கிட்டு, "திலக்ஷன் பொட்டிக்கு தடிமன் புடிச்சிருக்கு, சும்மா சும்மா தும்முது"ன்னு என் பேரச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்கு அது தாங்கல.

முறையாத் திருத்த ரெண்டு கிழமை, பதினாலு நாளு ஆகும். நான் ஒரு வரியத்தான் மாத்தினேன். மெமரி கிடைக்கலன்னா, கடைசியா வந்த நல்ல அளவையே திரும்பச் சொல்லு. சங்கு அடங்கிருச்சு. ஆறாம் லயத்து அம்மாக்கண்ணு அத்தை எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க.

பெருமழையில பொட்டி குருடாயிரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அத்தை போன் பண்ணாங்க.

"தம்பி, அடுப்படிச் செவுத்துல வெடிப்பு விட்டிருக்கு. சங்கு ஊதல. நாங்க கெளம்பவா, இருக்கவா?"

நான் ஸ்கிரீனப் பார்த்தேன். மெமரி இல்ல, மெமரி இல்லன்னு வரிசையா விழுந்துக்கிட்டிருந்துச்சு. காலையில ஏழு மணிக்கு எடுத்த அளவையே பொட்டி மத்தியானம் வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

"ஊதலன்னா ஒண்ணுமில்ல அத்தை. நீங்க சோத்த வடிங்க"ன்னேன்.

அரை மணி நேரத்துல மேடு எறங்கிருச்சு. லயத்துல இருந்தவங்க பதினோரு பேரும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. அத்தைய நேத்துதான் எடுத்தாங்க. நான் அழுதேன் ஐயா, பொய்யா அழல. சின்னதுல இருந்து என்னத் தூக்கி வளத்தவங்க.

கெளம்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் திருத்தினது தப்புன்னு தோட்டமே பேசியிருக்கும். அது தப்பில்ல, ஐயா. நான் கை வச்சதுக்கப்புறம் அந்தச் சங்கு ஒரு தடவைகூட பொய்யா ஊதல.