பழைய ஃபைலின் தேதி

உங்கள் ஸ்டேஷனில் எனக்குப் போட்ட இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருக்கிறது. காகிதத்தை நாலாக மடித்து வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டுவிட்டால் சும்மா இருக்க முடியாத ஆள் நான்.

பதினேழு வருடமாக எனக்கு ஒரே வேலை. ஸ்கீம் என்று ஒரு கணினி மொழி, எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறிகள். அதில் மற்றவர்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். எங்கள் நிறுவனத்தின் கம்பைலரை எழுதியதும் நான், பார்த்துக்கொண்டதும் நான். ஆபீசில் 'அடைப்புக்குறி அண்ணன்' என்பார்கள். நாங்கள் செய்தது மருத்துவமனைகளுக்கான பம்புகள்; நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் சின்னப் பெட்டி.

என் தங்கையின் கணவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். தங்கமான மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சேர்ந்த ஆறாவது மாதம் என் மேசைக்கு வந்தார். "மச்சான், நான் திருத்தினது ஒண்ணு, ஓடுறது வேற ஒண்ணா இருக்கு. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சா?"

சிரித்துவிட்டேன். எல்லோருக்கும் வருகிற தலைவலி அது. கம்பைலர் தான் மாற்றிய ஃபைலைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தும். அடுத்த முறை தேதிகளை ஒப்பிடும். நாம் எழுதிய ஃபைல் புதியது என்றால் மறுபடி மாற்றும். பத்திரப்படுத்தியது புதியது என்றால் அதையே எடுத்துக்கொள்ளும். அவர் கணினியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது; அதனால் அவர் திருத்திய ஃபைல் பழையதாகத் தெரிந்தது. சரிசெய்து கொடுத்தேன்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். தோண்ட ஆரம்பித்தார். அப்போது குழந்தைகள் வார்டுக்கென்று புது பம்பு செய்துகொண்டிருந்தோம். நிரலில் பெரியவர்களுக்கு ஒரு மாட்யூல், அதாவது தனிப் பகுதி, குழந்தைகளுக்கு ஒரு மாட்யூல். இரண்டிலும் 'வேகம்' என்று ஒரே பெயரில் ஒரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் கடைசியாக வந்தது முன்னதை மறைத்துவிடும். குழந்தைக்கும் பெரியவர்களின் வேகம்தான் கிடைக்கும்.

"இவ்வளவு பெரிய விஷயத்தைக் கம்பைலர் வாயைத் திறந்து சொல்லலையே மச்சான்?"

முன்பு சொல்லும். இரண்டு வருடம் முன்னால் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டேன். மாற்றங்களின் பட்டியலில் என் பெயரை அவர் கண்டுபிடித்தார்.

"எடுத்தது நீங்கதானா?"

"வெறும் தொணதொணப்பு, மாப்பிள்ளை. யாரும் படிக்கிறதில்ல."

"சொந்தக்காரங்கன்னு நான் கண்ணை மூடிக்க முடியாது. மேல எழுதப்போறேன். கம்பைலரையே மாத்திடலாம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பக்கத்தில் போனால் திரையை மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். "ரெண்டு பேரும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் தங்கை. ஒரு மனிதர் உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் பற்றி எழுதுகிறார் என்றால், என்ன எழுதுகிறார் என்று பார்ப்பது நியாயம்தானே. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். என் பெயர் பதினான்கு இடத்தில் இருந்தது. 'நம்பிக்கைக்கு உரியதல்ல' என்று என் கம்பைலரைப் பற்றி ஒரு வரி.

வெள்ளிக்கிழமை அவர் முக்கிய ஃபைலைத் திருத்தி முடித்தார். எந்த நோயாளிக்கு எந்தக் கணக்கு என்று தெளிவாகப் பிரித்திருந்தார். நல்ல வேலை. கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார், கம்பைலரில் ஓட்டிப் பம்புகளுக்கு அனுப்புவதற்காக.

நான் செய்தது ஒரே ஒரு வரிக் கட்டளை. பத்திரப்படுத்தியிருந்த பழைய ஃபைலுக்கு மறுநாள் தேதியைக் கொடுத்தேன். கம்பைலர் பார்த்தது, அதுதான் புதியது என்று எடுத்துக்கொண்டது. அவருடைய திருத்தம் பெட்டிக்குள் போகவே இல்லை.

சோதனை அறையில் தப்பு மாட்டிக்கொள்ளும், அவர் என்னிடம் ஓடி வருவார் என்று நினைத்தேன். தங்கையிடம் இப்படித்தான் சொல்வதாக இருந்தேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். அந்த வாரம் சோதனை அறைப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை பம்புகள் குழந்தைகள் வார்டுகளுக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை காலை முதல் போன் வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை. ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய மருந்து சில நிமிடங்களில் போய்விட்டது. எல்லாப் பம்புகளையும் நிறுத்தச் சொல்ல ஒரு மெயில் போதும். ஆனால் உடனே அனுப்பினால், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். வியாழக்கிழமை வரை பொறுத்தேன். மொத்தம் மூன்று குழந்தைகள்.

திருத்தியவர் என்று தாளில் மாப்பிள்ளையின் பெயர் இருந்ததால் அவரைக் கொண்டுபோனார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீ உக்காந்து பார்த்தா எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிடுவே."

"பார்க்கிறேம்மா" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஜெயிலில் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "திருத்தினதாத்தான் ஞாபகம் மச்சான். நான்தான் சேவ் பண்ண மறந்துட்டேன் போல. மூணு பிள்ளைங்க" என்றார். முதலில் ஒருவேளை என்னைத்தான் சோதிக்கிறாரோ என்று கவனித்தேன். இல்லை, நிஜமாகவே நம்பிவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. மாப்பிள்ளை மீது தவறில்லை என்று எழுதியிருந்தார்கள். தங்கை போனில் பேச முடியாமல் அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

ஆனால் அறிக்கையின் இரண்டாவது பக்கத்தைப் படித்தேன். 'விபத்துக்குக் காரணம் கம்பைலரின் பிழை' என்று போட்டிருக்கிறார்கள். மூன்று குழந்தைகள் இறந்த விஷயத்தில் இப்படி ஒரு பொய் நிலைத்துவிடக் கூடாது. என் மனசாட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். நான் கொடுத்த தேதியை அது நம்பியது. மற்றபடி, அது ஒரு தப்பும் செய்யவில்லை.