நடுத்திரையில் ஒரு சிவப்புப் புள்ளி

கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே பாட்டு சிடி கடை முதலாளியும், அவர் கடைக்கு வெப்சைட் செய்துகொடுத்த இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“தம்பி, எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் நடுவுல ஒரு சிவப்புப் புள்ளி நிக்குதுலா.”

“வெப்சைட்ட முழுசாப் பிரிச்சுப் பாத்துட்டேன் பாஸ். என் கம்ப்யூட்டர்ல புள்ளியே வரல.”

“என் கடையில வெள்ளிக்கிழமைலேர்ந்து இருக்கே!”

“வெள்ளிக்கிழமை என்ன செஞ்சீங்க?”

“என்ன செஞ்சோம்? புது கம்ப்யூட்டராச்சேன்னு பூசை போட்டோம். என் ஒய்ஃப் திரையில சந்தனம், குங்குமம்…” முதலாளி பாதியில் நிறுத்தினார்.

இளைஞர் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஈரத்துணியால தொடச்சிடுங்க பாஸ்.”

“தொடைக்கிறதா? அத வெச்ச பிறகுதான் மொத ஆர்டரே வந்துச்சு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வாங்குறவங்க எல்லார் கம்ப்யூட்டர்லயும் அது தெரியிற மாதிரி செஞ்சு குடுத்துடுங்க.”