தோத்த ராஜாவும் வெள்ளைக் குதிரையும்

“...அதுக்குன்னு தோத்த ராஜா படத்தையா வாங்குவீங்க? என்ற தம்பி இப்பத்தான் எலக்சன்ல தோத்திருக்கான். கிணத்துக்கடவுல அவன் புது ஊட்டு விசேசத்துக்கு இதையத் தூக்கிட்டுப் போனா, குத்திக் காட்டறமுன்னு நெனச்சுப்போட மாட்டானுங்களா?”

பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா கணவரிடம் கேட்டார். மடியில் கண்ணாடி போட்ட சீமைப் படம். கறுத்த மேகத்தடியில், வெள்ளைக் குதிரைமேல் தலை கவிழ்ந்த ராஜா.

“குதிரை லட்சணமா இருந்துது அம்மணி, வாங்கிப்போட்டேன். ராஜா மூஞ்சியை ஆரு பாத்தா?”

“பாக்கோணுமல்லோ!”

“செரி, குதிரை உள்ளார பாக்கறாப்புல வாசல்ல மாட்டச் சொல்லு. சண்டை முடிஞ்சு ராஜா ஊட்டுக்கு வாரான்னு ஆயிப்போகும். மாப்ளயும் இனியாவது ஊடு தங்கட்டும்.”

அந்தம்மா சிரித்துவிட்டார். குதிரை கிணத்துக்கடவுப் பக்கம் பார்க்கும்படி படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.